வாலுள்ள வினைமுற்று: குரங்கு மனிதனைத் தேடுவது குறித்துச் சில குறிப்புகள்

1

2001 மே மாதத்தில் ஒரு வாரம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து உரக்க வாசிக்கப்பட்டன. ஒன்று, 13ஆம் தேதி வெளியான சட்டமன்றத் தேர்தல் முடிவு. மற்றது, டெல்லியில் இரவில் வந்து மொட்டைமாடியில் படுத்திருப்பவர்களைப் பிறாண்டிவிட்டு ஓடும் ‘குரங்கு மனிதன்’. முதல் செய்தி, யாருக்கு என்ன இலாகா என்பதோடு பழசாகிப்போனது. இரண்டாவது செய்தி பழசாகவே இல்லை. நாளுக்கு நாள் அந்தக் குரங்கு மனிதனுக்குப் புதிதாக ஒரு உறுப்பு முளைத்தது. உடம்பெல்லாம் ரோமம் என்றார்கள். பிறகு இரும்பு நகம். பிறகு தலையில் ஹெல்மெட், சிவப்பாக எரியும் கண்கள், நெஞ்சில் பொத்தான்கள்.

நடந்ததை இன்று தொகுத்துச் சொல்வது எளிது. காசியாபாத் பக்கம் தொடங்கிய பேச்சு கிழக்கு டெல்லிக்குள் புகுந்தது. கடும் வெயில், ஓயாத மின்வெட்டு. ஏழை மக்கள் மாடியிலும் தெருவிலும் படுத்துறங்கிய காலம். போலீசுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள் போயின. அவர்கள் சித்திரம் வரைந்து வெளியிட்டார்கள். பிடித்துத் தருபவருக்கு 50,000 ரூபாய் பரிசு என்றார்கள். ‘வந்துடுச்சு’ என்ற கூச்சலில் மாடியிலிருந்து குதித்தும் விழுந்தும் குறைந்தது இரண்டு பேர் இறந்தார்கள். குள்ளமாக இருந்த ஒரே காரணத்துக்காக ஊர் ஊராகத் திரியும் சாமியார் ஒருவரைக் கூட்டம் அடித்தது. காயம்பட்டவர்களை ‘இஹ்பாஸ்’ எனப்படும் டெல்லி மனநல நிறுவனத்தினரும் தடய அறிவியல் ஆய்வாளர்களும் பரிசோதித்தார்கள். அப்படி எந்தப் பிராணியும் இல்லை, இது கூட்டத்தைப் பற்றிக்கொண்ட பயம் என்று முடிவாயிற்று. எட்டு ஆண்டு கழித்து, 2009இல், ‘டெல்லி-6’ என்ற இந்திப் படத்துக்குள்ளும் அந்தக் குரங்கு வந்து போனது.

‘கூட்ட மனப்பிராந்தி’ என்று பெயர் வைத்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக நமது அறிவுஜீவிகள் நினைக்கிறார்கள். பெயர் வைப்பது விளக்கம் ஆகாது. அந்தப் பிராந்தியில் நானும் ஒரு சிறு பங்கு வகித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. டெல்லியில் அல்ல, இங்கே, எங்கள் ஏரிக்கரையில்.

2

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டுடோரியல் ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். டெல்லிச் செய்தி வந்த பத்துப் பதினைந்து நாளில், உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்திலுள்ள ஒரு கிராமத்தில், ஏரிக்கரை மதகுப் பக்கம் ராத்திரியில் ‘ஏதோ ஒண்ணு’ நடமாடுவதாகப் பேச்சு வந்தது. நானும் இரண்டு நண்பர்களும் கிளம்பினோம். ஒரு டார்ச், தையற்காரரிடம் இரவல் வாங்கிய அளவு டேப், டேப் ரெக்கார்டர், நாற்பது பக்க நோட்டு. எங்களை நாங்கள் ஆராய்ச்சியாளர்கள் என்றே நினைத்துக்கொண்டோம். பகுத்தறிவின் பெயரால்தான் போனோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொய் என்று நிரூபிக்கப் போனவர்கள்தான் நாங்கள்.

மூன்று நாளில் பதினான்கு பேரிடம் விசாரித்தோம். நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒரு பெரியம்மா சொன்னது இப்படி: “ஒன்னுக்கு எழுந்து போவசொல்ல கரையாண்ட ஏதோ நின்னுச்சுப்பா. கறுப்பா. தலை இல்லாத மாதிரி. நான் பாக்கவும் அதுவும் திரும்பிச்சு. அப்பாலே எறங்கிப் போயிடுச்சு.” அவ்வளவுதான். உடனே நான் கேட்டேன்: “குரங்கு மாதிரி இருந்துச்சாம்மா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “இருக்கும்பா. ஆனா பெருசு.”

நோட்டில் நான் எழுதியது: ‘கறுத்த, குரங்கு போன்ற, மனிதனைவிடப் பெரிய உருவம் மதகருகே நின்றது.’

அடுத்த வீட்டில் கேள்வியை இன்னும் தெளிவாகக் கேட்டேன். “மதகாண்ட ஒரு குரங்கு மாதிரி பெரிய உருவம் வருதாமே, நீங்க பாத்தீங்களா?” மூன்றாம் நாள், நாங்கள் போகாத தெருவிலிருந்து வந்த ஒரு பையன் எங்களிடமே வந்து சொன்னான்: “அண்ணா, கொரங்கு மனுசன் வந்துக்கிறானாம். டெல்லில வந்துச்சே, அதே மாதிரியாம்.” எங்கள் நோட்டுக்குப் பதினான்காவது சாட்சியம் கிடைத்தது. அந்தச் சாட்சியத்தை உற்பத்தி செய்தவர்கள் நாங்களேதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

3

பல வருஷம் கழித்து அந்தக் கேசட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நோட்டில் இருந்த பதினான்கு வாக்குமூலங்களும் ‘நின்றது’, ‘ஓடியது’, ‘குதித்தது’ என்று முடிந்தன. கேசட்டில் இருந்த பன்னிரண்டு பேர் பேசியதோ வேறு மொழி. ‘நின்னுச்சாம்’, ‘ஓடுச்சாம்’, ‘குதிச்சிச்சாம்’.

இந்த ‘ஆம்’ சாதாரண விஷயமில்லை. தனித்து நின்றால் அது உடன்பாடு. வினைமுற்றின் வாலாக ஒட்டிக்கொண்டால் ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்று பொருள். ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் தனி வாக்கியம் வேண்டும். தமிழில் ஒரு வால் போதும். மழை பெய்தது என்பதற்கும் மழை பெய்ததாம் என்பதற்கும் இடையில் சாட்சியின் முழுப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் குரலை மாற்றினால் அதே வால் கேலியாகவும் ஆகும்: ‘பெரிய ஆராய்ச்சிக்காரராம்!’ கேள்வியறிவு, சந்தேகம், கிண்டல் மூன்றையும் ஒரே அசையில் வைத்துக்கொண்டிருக்கும் பேச்சை மூடநம்பிக்கையின் மொழி என்று எப்படிச் சொல்வது? அந்த ஊர் மக்கள் எதையும் கண்மூடி நம்பவில்லை. தமக்குத் தெரிந்ததன் எல்லையை ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கறாராகக் குறித்துக்கொண்டே பேசினார்கள். அந்த எல்லையை அழித்தது படித்தவனாகிய நான். பேச்சு எழுத்தாக மாறியபோது வால் அறுந்துவிட்டது. ‘நின்னுச்சாம்’ என்பது ‘நின்றது’ ஆனதும் வதந்தி ஆவணமாகிவிட்டது.

ரணஜித் குஹா, காலனிய இந்தியாவின் விவசாயிகள் எழுச்சி பற்றி 1983இல் வெளியான தன் நூலில், வதந்தியை எழுத்தறியாத சமூகங்களின் தொடர்புக் கருவியாக வாசித்தார். வதந்திக்கு ஆசிரியன் கிடையாது. சொல்பவர் ஒவ்வொருவரும் அதைத் திருத்தி எழுதுகிறார்கள். எனவே அது கூட்டுப் பிரதி. விளிம்புநிலையினர் குறித்து யோசிக்கிற நமக்கு இந்த வாசிப்பு பெரும் திறப்பாக இருந்தது. ஆனால் குஹா எடுத்துக்கொண்ட வதந்திகள் பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ந்தவை: ஜமீன்தாரையும் வெள்ளைக்காரனையும் நோக்கி. வதந்தி எப்போதும் அந்தத் திசையில்தான் பாயும் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஏரிக்கரையில் அது கீழ்நோக்கிப் பாய்ந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

4

முதலில், குரங்கு மனிதனைத் தேடும் அமெச்சூர் ஆராய்ச்சி என்பது உலகில் எப்படி நடந்து வந்திருக்கிறது என்று பார்ப்போம். வால் அறுபடும் கதை அங்கும் இருக்கிறது.

1921இல் எவரெஸ்ட்டை வேவு பார்க்கச் சென்ற பிரிட்டிஷ் குழுவின் தலைவர் ஹோவர்ட்-பரி. உயரமான கணவாய் ஒன்றில் பனியில் தடங்களைக் கண்டார். அது ஓநாயின் தடமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. சுமை தூக்கியவர்கள் பனிமனிதனின் தடம் என்றார்கள். குழு திரும்பியபோது டார்ஜிலிங்கில் அந்தச் சுமைதூக்கிகளைச் சந்தித்துப் பேசியவர் ஹென்றி நியூமன். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் எழுதிவந்தவர். அவர்கள் சொன்ன திபெத்தியச் சொல்லை அவர் ‘அருவருக்கத்தக்க பனிமனிதன்’ என்று மொழிபெயர்த்தார். தவறான மொழிபெயர்ப்பு. ஆனால் உலகம் முழுவதும் நிலைத்தது அந்தத் தவறுதான். ஓநாயாக இருக்கலாம் என்ற சந்தேகமும் போயிற்று. மலைவாசிகள் எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பதும் போயிற்று. தலைப்பு மட்டும் மிஞ்சியது.

1951இல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் ஒரு காலடித் தடத்தை, பக்கத்தில் பனிக்கோடரியை அளவுக்கு வைத்துப் புகைப்படம் எடுத்தார். எட்டி குறித்த எல்லாப் புத்தகங்களிலும் அந்தப் படம் இருக்கும். வெயிலில் பனி உருகும்போது தடம் அகலும் என்பதும், கரடி நடக்கையில் முன்னங்கால் தடத்தின்மேல் பின்னங்கால் விழுந்து ஒற்றைப் பெரிய பாதமாகத் தோன்றும் என்பதும் பிற்பாடு விளக்கப்பட்டன. 1960இல் எட்மண்ட் ஹிலாரி ஒரு குழுவோடு போனார். கும்ஜுங் கிராமத்து மடத்தில் எட்டியின் உச்சந்தலைத் தோல் என்று வைத்திருந்ததை இரவல் வாங்கி சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று எடுத்துச் சென்றார். கிராமத்தார் பொருளை மட்டும் அனுப்பவில்லை. தங்கள் பெரியவர் ஒருவரையும் கூடவே அனுப்பினார்கள். அது செரோ என்னும் மலையாட்டினத்தின் தோலில் வார்க்கப்பட்டது என்று தெரிந்தது. 2017இல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் தலைமையிலான குழு, எட்டியுடையவை எனப்பட்ட ஒன்பது மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்தது. எட்டு கரடி, ஒன்று நாய். இரண்டு வருஷம் கழித்து, 2019 ஏப்ரலில், மகாலு மலையடிவார முகாமருகே 32 அங்குல நீளத்தில் எட்டியின் காலடிகளைத் தன் குழு கண்டதாக இந்திய ராணுவமே ட்விட்டரில் அறிவித்தது! ‘கண்டதாம்’ என்று சொல்ல அரசின் மொழியில் இடமில்லை போலும்.

இந்தியாவிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. மேகாலயத்தின் காரோ மலைகளில் ‘மாந்தே புருங்’, அதாவது காட்டு மனிதன், பற்றிய பேச்சு நெடுங்காலமாக இருப்பது. டிபு மராக் என்பவர் அங்கே ஆச்சிக் சுற்றுலாச் சங்கத்தின் வழியாகப் பல ஆண்டுகள் பார்த்தவர்களைத் தேடிப் பதிவு செய்தார், ரோமங்களைச் சேகரித்தார். 2008இல் பிபிசி செய்தியாளர் மூலம் அந்த ரோமங்கள் இங்கிலாந்து போயின. நுண்ணோக்கியில் பார்த்தபோது சட்டென்று எதனோடும் பொருந்தவில்லை என்றார்கள்; செய்தி உலகைச் சுற்றியது. சில மாதங்களில் மரபணுச் சோதனை முடிவு வந்தது. இமாலய கோரல்; அதுவும் ஓர் ஆட்டினம்.

கரடி, நாய், ஆடு. இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் சேகரித்ததைப் பரிசோதனைக்குக் கொடுத்து, வந்த முடிவு ஊருக்குத் தெரிய நிற்பது ஒரு நேர்மை. 2017 ஆய்வு எட்டியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இமாலயப் பழுப்புக் கரடி மற்றப் பழுப்புக் கரடிகளிலிருந்து சுமார் ஆறரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட கிளை என்று காட்டியது. அழிவின் விளிம்பிலுள்ள ஒரு உயிரைப் பற்றி, இல்லாத ஒரு உயிரைத் தேடியதன் வழியே தெரிந்துகொண்டோம். சிக்கல் தேடுவதில் இல்லை. என்ன கேள்வியோடு தேடுகிறோம் என்பதில் இருக்கிறது.

5

‘குரங்கா, மனிதனா?’ என்ற கேள்வியே அண்மைக் காலத்தது. எங்கள் பக்கம் ராத்திரியில் கரையோரம் நிற்கும் முனியை யாரும் டேப்பால் அளந்ததில்லை. முனி எந்த இனம் என்று யாரும் கேட்பதில்லை. அது அந்த இடத்தின் காவல், எல்லை, பயம். அதற்குப் படையல் போடலாம், ஒதுங்கிப் போகலாம். இனம் பிரித்து, மனிதனுக்கும் குரங்குக்கும் இடையே ஒரு ‘விடுபட்ட கண்ணி’ எங்கோ உயிரோடு இருக்கும் என்று தேட ஆரம்பித்தது டார்வினுக்குப் பிறகான ஐரோப்பா. டார்வின் அப்படிச் சொல்லவில்லை. மனிதனும் இன்றைய குரங்குகளும் பொது மூதாதையிலிருந்து கிளைத்தவை என்றால், நடுவில் ஒருவன் இன்றும் மரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் காலனிய மனம் அந்த நடு ஆளைத் தேடியது. தேடிய இடமும் தற்செயலானதல்ல: தான் ஆண்ட காடுகளில், தான் ஆண்ட மக்களுக்குப் பக்கத்தில்.

கிடைக்காதபோது மனிதர்களையே அந்த இடத்தில் நிறுத்தியது. 1883இல் லண்டனில், லாவோஸ் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட க்ராவோ என்ற சிறுமி ‘விடுபட்ட கண்ணி’ என்ற பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்டாள். உடல் முழுதும் ரோமம் வளரும் குறைபாடு அவளுக்கு. காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

இலங்கையின் நித்தேவோ கதையை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். கிழக்குக் காடுகளில் குள்ளமான, நீண்ட நகங்களுடைய, ரோமம் மூடிய ஒரு கூட்டம் வாழ்ந்ததாம். வேடர்களுக்கும் அவர்களுக்கும் ஓயாத பகையாம். கடைசியில் எஞ்சியவர்களை ஒரு குகைக்குள் விரட்டி, வாயிலில் விறகைக் குவித்துத் தீயிட்டு அழித்தார்களாம். இதை 1880களில் தன் ‘தப்ரோபேனியன்’ இதழில் பதிவு செய்தவர் ஹியூ நெவில் என்ற சிவில் அதிகாரி. 1914இல் ஃபிரெடரிக் லூயிஸ் மேலும் சில செய்திகளைச் சேர்த்தார். 1945இல் விலங்கியலாளர் ஆஸ்மன் ஹில் இதைத் தீராத புதிர் என்று எழுதினார். 1963இல் ராம்புக்வெல்ல என்ற ராணுவ அதிகாரி குகைகளைத் தேடிப் போனார். நித்தேவோ இருந்ததற்கு எலும்புச் சான்று இன்றுவரை நிறுவப்படவில்லை. கிட்டத்தட்ட இதே கதை இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் ‘எபு கோகோ’ பற்றியும் சொல்லப்படுகிறது: குள்ளர்கள், குகை, தீ. 2003இல் அதே தீவின் லியாங் புவா குகையில் சுமார் ஒரு மீட்டர் உயர மனித இனம் ஒன்றின் எலும்புகள் கிடைத்ததும், கதை நிரூபணமாகிவிட்டது என்று பலரும் துள்ளினார்கள். 2016இல் காலக்கணிப்பு திருத்தப்பட்டது. அந்த எலும்புகள் குறைந்தது 50,000 ஆண்டு பழமையானவை என்றானது. அவ்வளவு காலத்தை வாய்மொழி கடந்து வந்திருக்கும் என்று சொல்வது கடினம்.

நம்மிடமும் உண்டு. பெருங்கற்காலக் கல்லறைகளைத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பெயரால் அழைக்கிறார்கள்: பாண்டவர் குழி, குள்ளர் வீடு, மோரியர் வீடு, வாலியர் வீடு, குரங்குப்பட்டடை. சின்னதாக இருக்கிறது, எனவே குள்ளர்கள் கட்டியது. யார் என்று தெரியவில்லை, எனவே வாலுள்ளவர்கள் கட்டியது. அந்தக் கற்களை அடுக்கியவர்கள் இரும்பு உருக்கத் தெரிந்த, கறுப்பு-சிவப்புப் பானை வனைந்த, நம்மைப் போன்ற மனிதர்கள். தன் முன்னோரின் கல்லறையையே அடையாளம் தெரியாமல் ‘குரங்குடையது’ என்று ஒரு சமூகத்தால் சொல்ல முடிகிறது என்றால், உயிரோடு எதிரில் நிற்பவனை அப்படிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

நித்தேவோ கதையில் என்னைத் தொந்தரவு செய்வது அவர்கள் குரங்கா மனிதரா என்பதல்ல. அந்தக் கதை அழித்தவர்கள் தரப்பிலிருந்து மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அழிக்கப்பட்டவர்களுக்கு ரோமமும் நகமும் முளைத்தது தீ வைப்பதற்கு முன்பா, பின்பா?

6

எங்கள் ஏரிக்கரைக்குத் திரும்புகிறேன்.

விசாரணை முடிந்த ஒரு வாரத்தில் கோடை மழை பெய்தது. அன்று ராத்திரி ஊர்ப் பையன்கள் பதினைந்து இருபது பேர் தடியோடு மதகுப் பக்கம் காத்திருந்தார்கள். நாங்கள் மூவரும் டேப் ரெக்கார்டரோடு பின்னால். பத்தரை மணி இருக்கும். கரைச் சரிவில் ஒரு உருவம் குனிந்து நகர்ந்தது. கறுப்பாக, கூன் விழுந்து, தலை இல்லாத மாதிரி. பெரியம்மா சொன்னது அப்படியே இருந்தது. ‘டேய்!’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். முதல் அடி முதுகில் விழுந்தது. “சாமி, நான்தாங் சாமி, அடிக்காதீங்கோ” என்று குரல் வந்தது.

கோணிப்பையை முக்காடாகப் போட்டிருந்த ஒரு இருளர் பெரியவர். கையில் மூடிய விளக்கு, ஒரு பானை. மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அதைப் பிடிக்க வந்தவர். மற்ற நாளில் அதே கரையில் எலி வளை பார்க்க வருபவர். ஊரில் பாதிப்பேர் வயலில் எலி பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பகலில் எல்லோருக்கும் தெரிந்த முகம். ராத்திரியில் அவருக்கு முகம் இல்லை. யாரோ டார்ச்சை முகத்தில் அடித்தார்கள், அடையாளம் தெரிந்தது, இரண்டாவது அடி விழவில்லை. “ஏய்யா, சொல்லிட்டு வரக்கூடாதா?” என்று அவரையே திட்டிவிட்டுக் கலைந்தார்கள். ஏரிக்கரைக்கு வர அவர் யாரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்?

மறுநாள் அவர் குடிசைக்குப் போனேன். “தாத்தா, மன்னிச்சிக்கோங்க” என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது எடுத்துக்கொண்டதைக் காட்டும் நிலையில் இல்லை. வேறொன்று சொன்னார். “வாத்தியாரே, அத்தினி பேர கேட்டீங்களாமே. எங்கள ஒரு வார்த்த கேக்கலியே. ராவுல அங்க போறவன் நாந்தானே. அங்க இன்னா இருக்கு, இன்னா நடக்குதுன்னு எனுக்குத் தெரியாதா?”

பதினான்கு சாட்சிகளில் ஒரு இருளர்கூட இல்லை. தடம் பார்க்கத் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, தடம் என்றால் என்னவென்றே தெரியாத நான் தையல் டேப்போடு போயிருந்தேன். இருளர்களின் தடமறியும் திறன் ரகசியமல்ல. 1972 வனவிலங்குச் சட்டமும் அடுத்து வந்த பாம்புத்தோல் தடையும் அவர்கள் பிழைப்பை முடக்கியபோது, 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி வடநெம்மேலியில் அவர்கள் கையால் எடுக்கப்படுவது. 2017இல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரை, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே அழைத்துச் சென்று சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க வைத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. உலகம் கேட்டது. ஆறேழு கிலோமீட்டரில் இருந்த நான் கேட்கவில்லை.

7

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, கி.பி. 919, 921. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருக்கின்றன. 30 குடும்பு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கல். நிற்பவருக்கு வரி கட்டும் நிலம் கால்வேலிக்குமேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் அறிந்திருக்க வேண்டும். ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் சொல்கிறோம். எனக்கு அது இன்னொன்றையும் சொல்கிறது: யாருடைய ஓலை குடத்துக்குள் விழத் தகுந்தது, யாருடைய பேச்சு சபையேறும் என்பதன் பட்டியல். பட்டியலில் இல்லாதவன் கரையில் நின்றான். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து நான் நோட்டோடு போனபோதும் ஏறக்குறைய அதே பட்டியலைத்தான் கையில் வைத்திருந்தேன்.

இதை ஏன் இப்போது எழுத வேண்டும்? 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் நடமாடுகிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வட தமிழகம் முழுதும் பரவியது. குலதெய்வம் கோயிலுக்குச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு முதிய பெண், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார், அடித்தே கொன்றார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்றார்கள். அந்தச் செய்திகளை நான் பார்த்தேன். எல்லாம் எழுத்துத் தமிழில், வினைமுற்றோடு: ‘வந்துள்ளனர்’, ‘கடத்துகின்றனர்’, ‘எச்சரிக்கை’. ஒன்றில்கூட ‘ஆம்’ இல்லை. வாயால் சொன்னால் கூடவே வரும் அந்த வால், விரலால் தள்ளிவிடும்போது வருவதில்லை. யார் சொன்னது, எத்தனை வாய் கடந்தது என்று சொல்லும் இடம் வெறுமையாக இருக்கிறது. 2001இல் என் நோட்டு செய்ததை இப்போது ஒவ்வொரு செல்போனும் செய்கிறது.

எனவே குரங்கு மனிதனையோ பேயையோ பறக்கும் தட்டையோ தேடிப்போகும் இளைஞர்களிடம் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். போகட்டும். ‘இன்னா பாத்தீங்க?’ என்று மட்டும் கேட்கட்டும். உருவத்துக்குப் பெயரைத் தாங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். சொன்னவர் பார்த்தாரா, கேட்டாரா, யாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு கை மாறியதையும் எழுதட்டும். ‘நின்னுச்சாம்’ என்றால் ‘நின்னுச்சாம்’ என்றே எழுதட்டும்; கொச்சை என்று திருத்த வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், ராத்திரியில் அந்த இடத்துக்கு வேலைக்காகப் போகிறவர்கள் யார் என்று கண்டுபிடித்து அவர்களிடம் போகட்டும். பகுத்தறிவு என்பது பேய் இல்லை என்று மேடையில் சொல்வதோடு முடிவதில்லை. நாம் எழுதிய ஒரு வாக்கியம் யார் முதுகில் போய் விழும் என்று யோசிப்பதும் அதில் சேர்த்திதான்.

அத்திமூர்ச் சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து சில வருஷமாகியிருந்தது. மகன் இருந்தார். இப்போதும் ஈசலுக்கும் எலிக்கும் ராத்திரியில் போகிறீர்களா என்று கேட்டேன்.

“போறோம் சார். தனியா போறதில்ல. செல்லுல பாட்டு சத்தமா போட்டுக்கினு போறோம். எலி ஓடிடும், தெரியும். இன்னா பண்றது? மனுசன் வர்றான்னு தெரியணும்ல.”